ஆறு மணி நேரக் கூழ்

அவளுக்கு ஈரக்கை என்று பேர் வைத்தவர்கள் காகிதப் பட்டறையில் கூட வேலை செய்தவர்கள். வைத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது ஐம்பத்தாறு நடக்கிறது. சேர்ந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட்டால் மை கரைந்து பரவி, மேல் வரிக்காரனும் கீழ் வரிக்காரனும் சேர்ந்து விடுப்பு எடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேலாளர், "இந்த ஈரக்கைக்குத் தனி நோட்டு போடுங்கப்பா" என்றார். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பேர் போயிற்று. கல்யாணமான பிறகு வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார். "ஏ ஈரக்கை, சாவி எங்க வச்ச?" என்று அவர் மாடிப்படியில் நின்று கேட்பது தெருமுனை வரை கேட்கும்.

பட்டறையில் அவள் வேலை தாள் தூக்குவது. பழைய பருத்தித் துணியும் வாழை நாரும் அரைத்த கூழ் தொட்டியில் மிதக்கும். அதற்குள் சல்லடைச் சட்டத்தை முக்கி, நேராகத் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கினால் தண்ணீர் வடிந்து மேலே ஒரு தாள் நிற்கும். அதைத் துணிமேல் கவிழ்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு முறை, பத்தொன்பது வருஷம். கோப்பு அட்டையும் படம் வரையும் தாளும் செய்து அனுப்பினார்கள். அதில் யார் என்ன எழுதினார்கள், என்ன வரைந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

வேறொரு ஆசை வந்தது ஒரு மறதியால். கூழை இரண்டு மணி நேரம் அரைத்தால் போதும். ஒரு நாள் இயந்திரக்காரன் ஊர்வம்பில் உட்கார்ந்துவிட்டான். கூழ் ஆறு மணி நேரம் அரைபட்டுப் போயிற்று. மேலாளர் விரலால் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று நழுவியது. இது தாளுக்கு ஆகாது, சாக்கடையில் கொட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்ட மனசு வராமல் அவள் ஒரு வாளியில் ஊற்றி, பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பேருந்தை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர்தான். தினமும் சாயங்காலம் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கை அவளுக்கு. வாளியைப் பார்த்த நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். உட்கார்ந்து வந்தால்தானே டிக்கெட், அது நின்றுகொண்டுதானே வருகிறது என்று வீட்டுக்காரர் திரும்பாமலே பதில் சொன்னார்.

வீட்டில் ஒரு கிழிந்த பிரம்புக் கூடை கிடந்தது. அதன் மேல் அந்தக் கூழைத் தாளாக ஊற்றிப் போர்த்தி மொட்டை மாடியில் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் கூடை பாதியாகச் சுருங்கியிருந்தது. தாள் காயக் காய உள்ளே இழுத்திருக்கிறது. இழுத்த இழுப்பில் பிரம்பெல்லாம் வளைந்து விலா எலும்பு மாதிரி தெரிந்தது. தாளோ வெங்காயத் தோல் போல, வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. அவர் வந்து விரலால் தட்டினார். மேளம் மாதிரி சத்தம் வந்தது.

"யாரோ மூச்ச உள்ள இழுத்துட்டு, விட மறந்த மாதிரி இருக்கு" என்றார்.

அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம். சிலை என்ற வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை. "சாமான்" என்றே சொல்வாள். குச்சியும் கொடியும் வளைத்துக் கூடு கட்டி, மேலே ஆறு மணி நேரக் கூழைத் தாளாக்கிப் போர்த்தி, காயவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். மீதியைத் தாளே செய்யும். எங்கே இழுக்கும், எந்தக் குச்சி வளையும், எது முறியும் என்பது பாதி அவளுக்குத் தெரியும், பாதி தெரியாது. குனிந்து உட்கார்ந்த முதுகு, வெடிக்கப் போகும் காய், மூடின கண் மாதிரி ஏதோ ஒன்று வரும். பட்டறையை விட்டுவிட்டு வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டாள். பழைய மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை அவரே பிரித்துக் கோர்த்து, கூழ் அரைக்கத் தோதாக மாற்றிக் கொடுத்தார்.

மூலப்பொருள் அவர் பொறுப்பு. அவர் ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தம் ஊரைத் தாண்டி வெட்டவெளியில் இருந்தது. அங்கே வண்டி இருபது நிமிடம் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் கண் அசருவார்கள். இவர் கீழே இறங்கி ஓடை ஓரமாக நடப்பார். காய்ந்த கொடி, உரிந்த மரப்பட்டை, நெற்றுக் கொத்து, ஒரு தடவை காலியான குளவிக் கூடு. எல்லாம் இருக்கைக்கு அடியில் ஏறி வீட்டுக்கு வரும். பணிமனையில் அவருக்கு ஊமை ஹாரன் என்று பேர். முன்னால் மாடே படுத்திருந்தாலும் ஹாரன் அடிக்க மாட்டார். அது எழுந்து போகும் வரை ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஹாரன் அடிச்சா உங்க ஆயுசு குறைஞ்சிடுமா என்று பயணிகள் கத்துவார்கள். பல் வலி என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கன்னம் வீங்கின பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் அடித்தபோதும் சத்தம் இல்லை. குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிகிறதே என்று அவள் போய்ப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

உயிர் தப்பியது. பேச்சு குழறலோடு திரும்பியது. கால் ஓரளவு வந்தது. வலது கைதான் வரவில்லை. முதலில் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடத் தொடங்கியது. வாரம் இரண்டு முறை வரும் பிசியோ பெண் வெந்நீரில் முக்கி, ஒவ்வொரு விரலாக நீவி விரித்துவிட்டுப் போவாள். அவள் படியிறங்குவதற்குள் விரல்கள் திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாள் அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் இது இப்படியே இறுகிவிடும் ஆன்ட்டி, அப்புறம் விரிக்க முடியாது, மனசைத் தயார் பண்ணிக்கோங்க என்று.

ஈரக்கை மனசைத் தயார் பண்ணவில்லை. அந்தக் கையை அவள் தினமும் கழுவினாள், துடைத்தாள், நகம் வெட்டினாள், எண்ணெய் போட்டாள். எல்லாம் வேலையாகச் செய்தாள். சும்மா உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வது மட்டும் அவளால் முடியவில்லை. பிடித்தால் அது பதிலுக்குப் பிடிப்பது போல் மடங்கும். அவர் பிடிக்கவில்லை, நரம்பு பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சிலசமயம் அவர் படுத்தபடி அவளையே பார்ப்பார். அவள் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவாள்.

கீழ்வீட்டில் அவருடைய அக்கா, அவள் நாத்தனார், குடியிருந்தாள். வாய் நீளம், மனசு அதைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் தம்பியைப் பார்க்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவாள். கொட்டகையை எட்டிப் பார்த்து, "வீட்ல மனுஷன் காய்ஞ்சு கிடக்கான், இங்க நீ என்னத்தக் காயவச்சிட்டிருக்க?" என்பாள். இவள் கூழைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். நாத்தனாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

அந்த வருஷம்தான் ஒரு கண்காட்சிக் கூடத்து அம்மாள் வீடு தேடி வந்து, அவளுடைய சாமான்களை மட்டும் தனியாக வைக்க ஓர் அறை தருகிறேன் என்றாள். பதினொன்று தயாராக இருந்தன. பன்னிரண்டாவது என்ன என்று கேட்டபோது ஈரக்கை யோசிக்காமலே, "கை" என்றாள். சொன்ன பிறகுதான் தனக்கே தெரிந்தது, தான் எதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. மூடிக்கொள்வதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு முறை விரித்தபடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓடை ஓரமாகக் கொடி அறுத்த கை, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துப் பெருவிரலுக்குக் கீழே காய்ப்புக் காய்த்த கை. கூடத்துக்காக என்பது சாக்கு. அவளுக்கே வேண்டியிருந்தது.

உடம்பின் மேல் தாள் போடுவதில் ஒரு முறை உண்டு. அதற்கு இரண்டு மணி நேரக் கூழ்தான் எடுக்க வேண்டும். அது சாதுவானது, காய்ந்தாலும் பெரிதாக இழுக்காது. எண்ணெய் பூசி, மூன்று தாள் போர்த்தி, முக்கால் மணி நேரத்தில் பாதி காய்ந்திருக்கும்போதே உருவி எடுத்து, உள்ளே மணலைக் கொட்டிக் காயவைத்துவிடலாம். அவள் தன் பாதத்தை, முழங்காலை எல்லாம் அப்படி எடுத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கூழில் ரேகை விழாது. மொத்தமாக ஒரு கை என்று தெரியும். யார் கை என்று தெரியாது. ரேகை விழ வேண்டும் என்றால் ஆறு மணி நேரக் கூழ் வேண்டும். அது தோலோடு தோலாக ஒட்டும், மயிர்க்கால்கூடப் பதியும்.

சீக்கிரம் எடுத்துவிட்டால் போகிறது என்று அவள் கணக்குப் போட்டாள். முப்பது வருஷம் அந்தத் தாள் பிரம்பை வளைப்பதையும் மூங்கிலை முறிப்பதையும் பார்த்தவள் போட்ட கணக்கு அது.

காலை பத்து மணிக்கு அவரைக் கொட்டகையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள். வெந்நீரில் கையை முக்கி, பிசியோ பெண் செய்வது போல விரல்களை நீவினாள். தாள் அழுத்தும் பலகை ஒன்றைக் கைக்குக் கீழே வைத்து, விரல்கள் மடங்காதபடி துணிப்பட்டியால் கட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னையும் சாமானாக்கிட்டியா?" என்றார், குழறலோடு.

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேலாகி அவள் சிரித்தது அது. நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நெருங்கி உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் போர்த்தினாள். விரல் இடுக்கில் தூரிகையால் அழுத்தினாள், ரேகை மேல் கட்டைவிரலால் தேய்த்தாள். கட்டியிருந்த துணிப்பட்டிகளை ஒவ்வொன்றாக உருவ உருவ, அந்த இடத்தையும் தாளால் மூடினாள். கடைசியில் பலகையையும் மெதுவாக உருவிவிட்டு அடிப்பக்கத்தைப் போர்த்தினாள். ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நகத்தை மட்டும் திறந்து வைக்க வேண்டும் என்று பிசியோ பெண் எந்தக் கட்டுப் போட்டாலும் சொல்வாள். ஆனால் அவருடைய பெருவிரல் நகத்தில், ஒரு தடவை வண்டிக் கதவு நசுக்கி விழுந்த பிளவு உண்டு. அந்தப் பிளவு அவளுக்கு வேண்டும். நகங்களையும் மூடினாள். மணிக்கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தாள். பிறகு காய்வதற்காகச் சும்மா இருக்க வேண்டிய நேரம். அவள் இரண்டு கையாலும் அந்தக் கையைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் கண்ணை மூடினார். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லாதவர். முகம் தளர்ந்து, மூச்சு சீராக வந்தது. முக்கால் மணி நேரம் ஆனபோது, தூங்கட்டும், இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தாள். அதோடு, இன்னும் கொஞ்சம் கையிலேயே காய்ந்தால் வடிவம் நிற்கும் என்ற நப்பாசையும் இருந்தது. அன்றைக்குப் பார்த்து வறண்ட காற்று. தகரம் கொதித்தது. தாள் வெளுத்து, பளபளத்து, ரேகை ஒவ்வொன்றும் வெளியே எழும்பி வந்தது. அவள் செய்ததிலேயே அவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை. அவள் அதைப் பார்த்தாள். அதற்குள் இருந்ததைப் பார்க்கவில்லை.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது தட்டினாள். மேளம் மாதிரி சத்தம் வந்தது.

உருவப் பார்த்தாள், அசையவில்லை. மணிக்கட்டில் விரல் நுனியை நுழைக்கப் பார்த்தாள், தாளுக்கும் தோலுக்கும் இடையில் நகம் போகவும் இடம் இல்லை. இரண்டு வழிதான். தண்ணீர் ஊற்றினால் தாள் தளரும், ரேகை அழியும். கத்தரி வைத்தால் கை இரண்டு துண்டாகும், காகிதக் கை. அவள் மூன்றாவது வழி தேடினாள். தாள் மடிக்கும் எலும்புக் கத்தியால் ஓரத்தைச் சிறிது சிறிதாக நெம்பினாள், எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டாள், வாயால் ஊதிக்கூடப் பார்த்தாள். அவர் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். அவளைத் தின்றது அந்த நேரம்தான். பதினைந்து நிமிடம் இருக்கும்.

நாத்தனார் வெந்நீர்ச் செம்போடு படியேறி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். தம்பியின் முழங்கையைப் பார்த்தாள். தாள் முடிகிற இடத்துக்கு மேலே புஜம் வரை சிவந்து புடைத்திருந்தது.

"வெட்டுடி" என்றாள்.

"அண்ணி, இப்ப வந்துடும், கொஞ்சம்..."

"கையா, காகிதமா? வெட்டுடி."

வெட்டினாள். கத்தரி நுழைய இடம் இல்லாததால் தோலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. தாள் பட்டென்று சத்தத்தோடு திறந்தது. உள்ளே இருந்த கை சாம்பல் நிறமாக, குளிர்ந்து, தாள் தைத்த தையல் மாதிரி வரி வரியாக இருந்தது. நுனிகள் கருநீலம்.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளைஞன். யாரோ எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "எவன் போட்ட கட்டு இது?" என்று கோபமாகக் கேட்டான்.

"நான்தான்" என்றாள்.

"உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா?"

நாத்தனார்தான் முன்னால் வந்து, இவள் இப்படித்தான் எதையாவது சுற்றிவைப்பாள், மருந்தை மட்டும் பாருங்கள் தம்பி என்று சமாளித்தாள். வீட்டுக்குள் கரித்துக்கொட்டுகிறவள் வெளியாளிடம் விட்டுக்கொடுக்கவில்லை. அது ஈரக்கைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கை பிழைத்தது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மேல் கணு போயிற்று. வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. வடிந்தபோது விரல்கள் முழுவதுமாக உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன. பிசியோ பெண் வந்து பார்த்தாள். நீவினாள். பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமாகக் கிளம்பினாள். இரண்டு மூன்று மாதம் என்று அவள் சொல்லியிருந்த கெடு மூன்று வாரத்தில் முடிந்திருந்தது.

மகள் கடல் தாண்டி வேறொரு தேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் போனில் முகம் காட்டுவாள். தூரத்தில் இருப்பவர்களுக்கே உரிய ஒரு பழக்கம் அவளுக்கு. சொன்னதைவிடச் சொல்லாததைக் கவனிப்பாள். அம்மாவின் குரல் ஒரு நூல் அளவு இறங்கினாலும் விமான டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாள். அந்த மூன்று வாரமும் ஈரக்கை போனை இடது பக்கமாகவே பிடித்தாள். அப்பாவின் முகம், இடது தோள், ஜன்னல். நான்காவது ஞாயிறு மகள், "அப்பா வலது பக்கம் வெளியூர் போயிருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பு கண் வரை ஏறவில்லை.

நாத்தனார் கட்டில் அருகில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

ஈரக்கை போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சொன்னாள். கூழைச் சொன்னாள், நகத்தை மூடியதைச் சொன்னாள், பதினைந்து நிமிடத்தையும் சொன்னாள். திரையில் மகள் அசையாமல் இருந்தாள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஈரக்கை போனை ஒரு முறை உதறிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"அப்பா ஏம்மா சொல்லல?" என்றாள் மகள் கடைசியில். "வாய் பேசுதுல்ல? இறுக்குதுன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை, தெரிந்திருக்காது என்று ஈரக்கை சொன்னாள். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தான். மகள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி போனை வைத்த பிறகும் கொட்டகையிலேயே நின்றது. அவர் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து நிமிடம்.

மறுநாள் காலை அவருக்கு முகம் துடைத்துவிடும்போது கேட்டாள்.

"உங்களுக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அவர் கூரையைப் பார்த்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும் அவருக்கு.

"இறுக்குச்சு" என்றார்.

துண்டு அவள் கையிலேயே நின்றது. "தெரிஞ்சுதா? தெரிஞ்சும் ஏங்க வாயத் தொறக்கல?"

"நீ புடிச்சிருக்கேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் தவறாக எடுத்துக்கொள்ளப் போகிறாளோ என்பது போல, நல்லா இருக்கிற இடது கையால் போர்வையைச் சரி செய்துகொண்டார்.

அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அடுப்பில் எதையோ வைத்தாள், அணைத்தாள். பிறகு மாடிக்குப் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாத்தனார் அன்றைக்குப் படியேறி வந்தவள், சாத்தின கதவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

வெட்டியெடுத்த காகிதக் கை அன்று எறிந்த இடத்திலேயே, கொட்டகை ஜன்னல் விளிம்பில் கிடந்தது. உள்ளே தடுக்க எதுவும் இல்லாததால் அது மேலும் சுருங்கியிருந்தது. பத்து வயதுப் பையன் கை அளவுதான் இருக்கும். ஆனால் எல்லாம் இருந்தது. ரேகை, காய்ப்பு, பெருவிரல் நகத்தின் பிளவு, ஐந்து விரலும் முழுசாக, விரிந்து. கூடத்து அம்மாள் மற்ற பதினொன்றை எடுத்துப் போக வந்தபோது அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள். இதை மட்டும் ஓர் அறையில் வைத்தால்கூடப் போதும், வெட்டின இடம் அப்படியே இருக்கட்டும், அதுதான் உயிர் என்றாள். ஈரக்கை அது விற்கிற சாமான் இல்லை, வைக்கிற சாமானும் இல்லை என்றாள். அம்மாள் விடாமல் கேட்டாள். இது என்ன கதை, யாருடைய கை என்று. கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "குடுத்துடு, ஈரக்கை" என்று குரல் கொடுத்தார். "நல்லாத்தான இருக்கு."

அவள் கொடுக்கவில்லை. பதினொன்றும் வண்டியேறிப் போன மதியம், தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி அந்தக் கையை அதில் போட்டாள். காய்ந்த தாள் முதலில் மிதந்தது. பிறகு தண்ணீரைக் குடித்து மெதுவாகத் தளர்ந்தது. சுருங்கின விரல்கள் நீண்டன, உள்ளங்கை அகன்றது. கொஞ்ச நேரம், அரை மணிகூட இருக்காது, அது அவருடைய நிஜமான கையின் அளவுக்கு வந்து தண்ணீருக்கு அடியில் விரிந்து கிடந்தது. அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது நார் நாராகப் பிரிந்திருந்தது.

மூடின கைக்கு என்று ஒரு தொல்லை உண்டு. நகம் வளர்ந்து உள்ளங்கையைக் குத்தும், வியர்வை தங்கிப் புண்ணாகும். உள்ளே மெத்தென்று ஏதாவது உருட்டி வையுங்கள் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். துணி வைத்துப் பார்த்தார்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஈரக்கை தாளில் உருளை செய்தாள். ஒரு மணி நேரம் மட்டும் அரைத்த கூழ், பருத்தி மட்டும், பசை இல்லை. காய்ந்தாலும் இழுக்காது, நனைந்தாலும் உறுத்தாது. காலையில் விரல்களை ஒரு நூல் இடைவெளிக்கு நெம்பி உருளையை நுழைப்பாள்; மறுநாள் காலை உருவிவிட்டுப் புதிதாக வைப்பாள். உருவி எடுத்த உருளையில் நான்கு விரலும் பதிந்த பள்ளம் இருக்கும். இரண்டு நீளம், இரண்டு குட்டை. எறிய வேண்டியதுதான். அவள் அவற்றைக் கொட்டகைப் பலகையில் வரிசையாக வைத்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. நாத்தனார் ஒரு நாள் அதைப் பார்த்து, "இதுக்கும் அறை கேட்டு எவளாவது வருவா" என்றாள். ஈரக்கை அன்றைய உருளையை வரிசையின் ஓரத்தில் வைத்தாள்.

கூடத்தில் பதினொரு சாமான்கள் இருந்தன என்றும், நிறையப் பேர் வந்து பார்த்தார்கள் என்றும் சொன்னார்கள். அவள் போகவில்லை.

இப்போது உருளையை வைத்த பிறகு அவள் உடனே எழுந்து போவதில்லை. முக்காலியைக் கட்டில் ஓரமாக இழுத்துப் போட்டு, மூடின அந்தக் கையை இரண்டு கைக்குள் வைத்துக்கொள்கிறாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே ஏதாவது பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

"இறுக்குதா?"

"இல்ல."

"நெஜமா?"

"இல்ல, ஈரக்கை."

அவள் அந்த வார்த்தையை நம்புவதில்லை. அவருடைய பெருவிரல் நகத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்துகிறாள். நகம் வெளுக்கிறது. விரலை எடுத்துவிட்டு, குனிந்து, பிளவுக்குக் கீழே சிவப்பு திரும்பி ஏறுகிறதா என்று பார்க்கிறாள். ஏறுகிறது. அடுத்த விரலுக்குப் போகிறாள்.